நேரலையில் ஒரு குறட்டை

வியாபார உலகம் இதுவரை கண்ட மாமனிதர்கள் எல்லாரும் கண் விழித்து உழைத்து முன்னுக்கு வந்தவர்கள். கண்ணை மூடிக்கொண்டே புகழின் உச்சியைத் தொட்ட ஒரே மாமனிதர் நம் மெத்தைக்கடைக்காரர்தான்.

கடை பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் இருந்தது. ஸ்பிரிங் மெத்தை, நார் மெத்தை, பஞ்சுத் தலையணை என்று கூரை வரை அடுக்கியிருந்தார். வியாபாரம் ஓகோ என்று இல்லை, ஆனால் ஓடிக்கொண்டிருந்தது. ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்த ஒரு நிபுணர் தேவை அல்லவா? அவரைத் தேடி வெளியே அலைய வேண்டியிருக்கவில்லை. மனைவியின் தம்பி வீட்டிலேயே சும்மா இருந்தான்.

இரண்டு நாள் பயிற்சி முகாமுக்குப் போன மச்சினன், 'சமூக ஊடக ஈடுபாட்டு ஆலோசகர்' ஆகத் திரும்பி வந்தான். முதல் ஆலோசனைக் கூட்டம் கடையிலேயே, விலைபோகாத ஒரு இரட்டை மெத்தையின்மேல் நடைபெற்றது.

"மாமா, கடைக்கு இப்ப அவசரத் தேவை என்கேஜ்மென்ட்."

"யாருக்குடா? பொண்ணு யாரு?" என்றாள் அக்கா, அதாவது கடைக்காரரின் மனைவி.

"அது இல்லக்கா. ஜனங்க நம்ம பக்கத்துக்கு வரணும், லைக் போடணும், கமெண்ட் எழுதணும். அதுக்குப் பேருதான் என்கேஜ்மென்ட்."

"வாங்கணும்னு நீ சொல்லவே இல்லையே," என்றார் கடைக்காரர்.

மச்சினன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தான். "வாங்கறதெல்லாம் பழைய காலத்துப் பேச்சு மாமா. முதல்ல உறவு. மத்தது தானா வரும்."

"என்கேஜ்மென்ட்டோட நின்னுபோன கல்யாணம் எத்தனையோ பாத்திருக்கேன்," என்றாள் அக்கா. அவள் கருத்து கூட்டக் குறிப்பில் சேர்க்கப்படவில்லை.

முதல் சில நேரலைகளில் கடைக்காரர் ஸ்பிரிங்குக்கும் நாருக்கும் உள்ள வித்தியாசத்தை வியர்க்க வியர்க்க விளக்கினார். பார்த்தவர்கள் அக்காவும், தூரத்துச் சித்தப்பா ஒருவரும். சித்தப்பா கை தவறி அழுத்திவிட்டதாகப் பிறகு தெரிவித்தார்.

"பேச வேணாம் மாமா. படுத்துக் காட்டுங்க," என்றான் மச்சினன், ஒரு பிற்பகல். கைபேசியை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு டீ குடிக்கப் போனான்.

கடைக்காரர் அப்போதுதான் சாப்பிட்டிருந்தார். "இந்த மெத்தையில படுத்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தார். அந்த வாக்கியம் இன்றுவரை முடியவில்லை. மச்சினன் திரும்பி வந்தபோது குறட்டை கடை அதிர வந்துகொண்டிருந்தது. பார்ப்பவர்கள் ஆயிரத்தைத் தாண்டியிருந்தார்கள். 'எங்கப்பா ஞாபகம் வருது' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'அண்ணனை யாரும் எழுப்பாதீங்க' என்று இன்னொருவர்.

பதறி ஓடிவந்த அக்காவை மச்சினன் கை நீட்டித் தடுத்தான். "மாமாவை எழுப்பாதக்கா. அவரு இப்ப வெறும் மாமா இல்ல. கன்டென்ட்."

அன்று முதல் தினமும் பிற்பகல் தூக்கம், 'நிகழ்ச்சி' என்ற தகுதிக்கு உயர்த்தப்பட்டது. 'நேரலை நடைபெறுகிறது, உள்ளே வரக்கூடாது' என்று கடை வாசலில் பலகை தொங்கியது. புதுக்குடித்தனம் வைக்கும் ஒரு தம்பதி, கட்டிலின் நீள அகலத்தைக் குறித்துக்கொண்டு வந்து நின்றார்கள்.

"உஷ். மாமா தூங்கறாரு," என்றான் மச்சினன்.

"ஒரு மெத்தை வேணுமே."

"கமெண்ட்ல போடுங்க."

'கடை வாசலில்தான் நிற்கிறோம்' என்று அந்தப் பெண் போட்டாள். அதற்கு லைக் குவிந்தது. கொஞ்ச நேரம் நின்று லைக்குகளைப் பார்த்துவிட்டு இருவரும் அடுத்த தெருவில் மெத்தை வாங்கிக்கொண்டு போனார்கள்.

இதற்கிடையில் ஒரு சிறு நிர்வாகச் சிக்கல் ஏற்பட்டது. கடைக்காரருக்குத் தூக்கம் போய்விட்டது. கண்ணை மூடினால், வாய் திறந்திருக்கிறதா, வேட்டி ஒழுங்காக இருக்கிறதா, யார் பார்க்கிறார்கள் என்று மனம் அலைந்தது. வேறு வழியின்றிக் குறட்டையை நடித்தார். ரசிகர்கள் ஏமாறவில்லை. 'இன்றைய குறட்டையில் உயிர் இல்லை' என்று விமர்சனம் வந்தது. சிலர் மன்னிப்புக் கோரினார்கள். அதாவது, அவர் கேட்க வேண்டும் என்று கோரினார்கள்.

அவசரக் கூட்டம் கூடியது.

"மக்கள் நம்பிக்கையோட விளையாடாதீங்க மாமா. நிஜமாவே தூங்குங்க."

"வரலையேடா. படுத்தா கடை ஞாபகமாவே இருக்கு. இந்த மாசம் ஒரே ஒரு தலையணை போயிருக்கு. அதுவும் நீ எடுத்துட்டுப் போனது."

"கடையை மறந்துடுங்க மாமா. அப்பதான் பிராண்டு வளரும்."

கடைக்காரர் மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கினார். பிராண்டு வளர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ரசிகர் மன்றமே நேரில் வந்தது. வாசலில் செருப்பு விட இடமில்லை. கடைக்காரருக்குக் கை கால் ஓடவில்லை. தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, மேலே கிடந்த மெத்தைகளைத் தானே இழுத்துக் கீழே போட்டார். மனைவி ரசீதுப் புத்தகத்தைத் தூசி தட்டி வைத்தாள்.

மன்றத் தலைவர், ஓய்வுபெற்ற தபால்காரர், கடைக்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"வருஷக்கணக்கா தூக்கமில்லாம தவிச்சவன் சார் நான். உங்களாலதான் தூங்கறேன்."

"ரொம்ப சந்தோஷங்க. எந்த மெத்தை பாக்கறீங்க?"

"மெத்தையா?" தலைவர் சிரித்தார். "உங்க குறட்டையைப் போன்ல போட்டுட்டா வெறுந்தரையிலயே கண்ணு சொக்கிடுது சார். எங்க வீட்டு மெத்தையைத் தூக்கிக் குடுத்துட்டேன்."

எல்லாரும் கைதட்டினார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு அம்மாள் தயக்கத்தோடு கேட்டாள்: "நீங்க பழைய மெத்தை எடுத்துக்குவீங்களா?"

கடைக்காரர் அருகிலிருந்த மெத்தையில் மெல்ல உட்கார்ந்தார். மனைவி ரசீதுப் புத்தகத்தை எடுத்து உள்ளே வைத்தாள்.

அடுத்த மாதம் கடையை மூடினார். மச்சினன் அதையும் நேரலை செய்தான். அதுவரை வராத கூட்டம் அன்று வந்தது. அழுகிற பொம்மை முகங்கள் கைபேசித் திரை நிறைய மிதந்தன. இறக்கிய ஷட்டரின் முன் நின்ற கடைக்காரர் கைபேசியை நேருக்கு நேர் பார்த்தார்.

"இத்தனை பேரு இருக்கீங்களே. ஒருத்தராவது ஒரு தலையணை உறை வாங்கியிருக்கக் கூடாதா?"

'அண்ணா, பேசாதீங்க. தூக்கம் கலையுது' என்று பதில் வந்தது. அதற்கும் லைக் குவிந்தது.

மச்சினன் இன்று பல நிறுவனங்களின் ஆலோசகர். அவன் திறமையைச் சந்தேகிப்பவர்கள் ஒன்றை மட்டும் மனசாட்சியோடு ஒப்புக்கொள்ள வேண்டும். அவன் கை வைத்த கடைகளில் ஒன்றுகூட ஆள் பார்க்காமல் மூடப்பட்டதில்லை. ஒவ்வொன்றும் பல்லாயிரம் பேர் பார்க்கப் பார்க்கத்தான் மூடப்பட்டது.