அடுக்களையிலிருந்து போன பதில்

கையெழுத்துக் கேட்டால் பெருவிரலை நீட்டுகிற நான்தான், மருமகளின் இங்கிலீஷ் இன்டர்வியூவைக் கெடுத்தேன். (நான் சொல்ல, மகன் எழுதுகிறான். சிரிக்காம எழுது மக்கா!)

மருமகள் சுஜா நர்ஸ். வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலைக்காக மூன்று மாதம் போனில் இங்கிலீஷ் வகுப்பு கேட்டாள். பொழியூர் வீட்டில் மீன் அரிந்துகொண்டே நானும் கேட்பேன். ஒருவர் செய்தால் செயலின் வாலில் ஒரு 'ஸ்' வேண்டுமாம். பலர் செய்தால் வேண்டாமாம். நடுவே 'ஹூ' போட்டு அந்த ஆளின் ஊர், குடும்பம் எல்லாம் சொல்லலாமாம்; ஆனால் யாரைப் பற்றி ஆரம்பித்தோம் என்பதை மறக்கக் கூடாதாம். (நானும் ஊர்க்கதையை அப்படித்தான் சொல்வேன். ஆரம்பித்த ஆளைத்தான் மறந்துவிடுவேன்.)

டீச்சர், "மை மதர், ஹூ லிவ்ஸ் நியர் த சீ" என்று நிறுத்துவார். சுஜா, "செல்ஸ் ஃபிஷ்" என்று முடிக்க வேண்டும். இது எனக்குப் புதிதா? சாயங்கால ஜெபத்தில் ஒருவர் புனிதர் பெயரைச் சொன்னதும், "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று நாங்கள் முடிப்பதில்லையா? நானும் சேர்ந்து முடித்தேன்.

இன்டர்வியூ அன்று லாப்டாப்பில் ஒரு வெள்ளைக்கார மேடம். வேறு குரல் கேட்கவே கூடாது என்று சட்டம். மகன் என்னை அடுக்களையில் உட்கார வைத்தான்.

"அம்மா, வாயத் தொறக்கப்பிடாது."

"நான் என்னத்துக்குலே தொறக்கேன்?"

மேடம் குடும்பத்தைப் பற்றிக் கேட்டார். சுஜா தொடங்கினாள்: "மை மதர்-இன்-லா, ஹூ லிவ்ஸ் வித் அஸ்..." அதற்குமேல் சத்தமே இல்லை. பாதியில் நிற்கிற ஜெபத்தை எந்த வாய் பொறுக்கும்?

"செல்ஸ் ஃபிஷ்!" என்றேன், கோயிலில் சொல்வதுபோல உரக்க. அதோடு விட்டேனா? "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!"

மேடம் இன்டர்வியூவை நிறுத்திவிட்டார். சுஜா அழுதாள்.

"மூணு மாசம் படிச்சது அவ. பதில் சொன்னது நீங்க!" என்று மகன் கத்தினான்.

"பாவம், பிள்ள திணறினாளே மக்கா!"

சுஜா மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள். "மாமிய ஏசாதீங்க. எனக்கு வரல்ல. மாமி சொன்னது சரியாக்கும்."

கெஞ்சி எழுதியதில் அடுத்த வாரம் இன்னொரு வாய்ப்புக் கிடைத்தது. அன்று என்னை உதியன்குளங்கரையில் மகள் வீட்டில் கொண்டு விட்டார்கள். சுஜா தேறிவிட்டாள், இப்போது அயர்லாந்தில் வேலை.

அதற்குப் பிறகு எங்கள் தெருவில் யாருக்கு ஆன்லைன் பரீட்சை என்றாலும் முதலில் என்னைத்தான் தேடி வருகிறார்கள். "அக்கா, நாளைக்கு எங்க பிள்ளைக்குப் பரீட்சை உண்டு. நீங்க மவ வீட்டுக்குப் போயிட்டு வாறியளா?"

நானும் மறுக்காமல் பஸ் ஏறுவேன். மகள் கதவைத் திறந்ததும், வா என்றுகூடச் சொல்வதில்லை.

"இன்னிக்கு யாருக்கம்மா பரீட்சை?"