சில்வர் நைட்ரேட்டும் என் பனிக்குடமும்

படிக்காத முட்டாளிடம் ஒரு நல்ல குணம் உண்டு. ஒன்று புரியவில்லை என்றால் பயந்துபோய் யாரிடமாவது ஓடுவான். படித்த முட்டாள் ஓடமாட்டான், உட்கார்ந்து ஆராய்ச்சி செய்வான். நான் எம்.எஸ்ஸி. வேதியியல், அதுவும் முதல் வகுப்பு. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உப்புகளைக் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்தே வயிறு வளர்க்கிறவள். (அந்தப் பிள்ளைகள் தயவுசெய்து இதைப் படிக்க வேண்டாம்.)

தலைப்பிரசவத்துக்கு முத்தையாபுரத்தில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். நாள் நெருங்கிய சமயத்தில், ஒரு சனிக்கிழமை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வலிக்கிறது என்று கத்தினேன். சனிக்கிழமை வியாபாரத்தைக்கூடப் பார்க்காமல் அப்பா பலசரக்குக் கடையின் ஷட்டரை இழுத்துவிட்டு ஓடிவந்தார். வேன் நிறையச் சொந்தக்காரர்கள் ஏறிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "காலையில என்னம்மா சாப்பிட்ட?" என்று கேட்டார். மொச்சைக்குழம்பு. வந்தது வெறும் வாயு. பிள்ளை பெறப் போனவள் வாயுவைப் பெற்று வந்தாள் என்று பெரியம்மா ஒரு வார்த்தை சொல்ல, தெருவே ஒரு வாரம் அதை வைத்துச் சாப்பிட்டது. இனிமேல் பிள்ளையின் தலை வெளியே தெரிந்தால் ஒழிய ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதில்லை என்று சபதம் போட்டேன். மானம் முக்கியமில்லையா! பிள்ளையைவிட முக்கியம் என்று அந்த அறிவுக்கொழுந்து நினைத்திருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு எழுந்தபோது ஒரு தும்மல் வந்தது. நைட்டி நனைந்துவிட்டது.

அம்மா பார்த்துவிட்டாள். "ஏளா, பனிக்குடம் உடைஞ்சிட்டுன்னு நெனைக்கேன். கிளம்பு, போவோம்."

"அதெல்லாம் இல்லம்மா. தும்முனேன்லா, அதான். நெறமாசத்துல எல்லாருக்கும் ரெண்டு சொட்டு போவத்தான் செய்யும்."

"ரெண்டு சொட்டா? நாற்காலிக்குக் கீழ பாரு. அடக்கு பாப்போம், நிக்குதான்னு."

அடக்கிப் பார்த்தேன். நிற்கவில்லை. மூளை என்று ஒன்று இருந்திருந்தால் அந்த இடத்திலேயே வேலை முடிந்திருக்கும். நானோ, தசை தளர்ந்திருக்கும் என்று அதற்கும் விளக்கம் சொன்னேன்.

இந்த நேரம் பார்த்து என் கணவர் உள்ளே வந்தார். துறைமுகத்தில் சரக்கு சர்வேயர். கப்பலில் வந்த முந்திரிக்கொட்டை மூட்டை நனைந்திருந்தால், அது மழைத் தண்ணீரா கடல் தண்ணீரா என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் பிழைப்பு. நனைந்த சாக்கில் சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விடுவார். உப்பு இருந்தால் பால்போல் வெளுக்கும். வெளுத்தால் கடல்தான் குற்றவாளி. அந்தப் புட்டி எப்போதும் அவர் பையில் இருக்கும். நகையோடு பஸ்ஸில் போகிற பெண்ணைப்போல அந்தப் பையை அவர் மார்போடு அணைத்துக்கொண்டு அலைவார்.

"பதறாதிய அத்தை," என்றார். "தண்ணி எங்கருந்து வந்துச்சுன்னு கண்டுபிடிக்கதுதான என் வேலை."

நைட்டியின் நனைந்த ஓரத்தை என்னைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஒரு சொட்டு விட்டார். பால்போல் வெளுத்தது.

"உப்பு இருக்கு," என்று தீர்ப்புச் சொன்னார். "அப்ப இது மூத்திரந்தான். பிள்ளை மிதக்க தண்ணி நல்ல தண்ணியாத்தான இருக்கும்?"

பனிக்குட நீரிலும் உப்பு உண்டு என்பது எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். ஆனால் மூத்திரம் என்ற அந்தத் தீர்ப்பு காதில் தேனாகப் பாய்ந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாமே! இருந்தாலும் வாத்திச்சி புத்தி சும்மா இருக்குமா? "நனையாத துணியிலயும் ஒரு சொட்டு விட்டுப் பாத்தாத்தாங்க ஒப்பிட முடியும்," என்றேன்.

விட்டார். அதுவும் வெளுத்தது. உப்பளத்தை ஒட்டியிருக்கிற எங்கள் வீட்டு போர் தண்ணீரில் சோப்பே நுரைக்காது. அதில் துவைத்த துணியில் உப்பு இல்லாமல் சர்க்கரையா இருக்கும்? எங்களுக்கு ஆர்வம் தாங்கவில்லை. அம்மாவின் முந்தானை வெளுத்தது. ஜன்னல் திரை வெளுத்தது. கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த அப்பாவின் தோளில் கிடந்த துண்டும் வெளுத்தது. அந்தக் கணக்குப்படி அப்பாவின் துண்டும் மூத்திரம் போயிருந்தது.

அப்பா கண் விழித்தார். "என்ன மாப்ளே, துண்டுல என்னத்த ஊத்துதிய?"

"ரெண்டும் கூறுகெட்டு அலையுதுவ," என்றாள் அம்மா. "ஏளா, ஒரு நாப்கினை வச்சுக்கிட்டுக் கொஞ்சம் படு. எந்திரிச்சதும் குபுக்குன்னு வந்தா அது பனிக்குடந்தான். அதுக்கு மேல என் பேச்சைக் கேக்கணும்."

படுத்தேன். கசிவு குறைந்தது. "பாத்தியாம்மா?" என்று வெற்றிக்குரலில் சொன்னேன். எழுந்தேன். குபுக்கென்று வந்தது. மூத்திர வாடை துளியும் இல்லை. நாப்கினை எடுத்துப் பார்த்தேன். இளம்பச்சையாக இருந்தது.

பச்சை என்றால் பிள்ளை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது, உடனே ஓட வேண்டும் என்று எங்கேயோ படித்திருந்தேன். படித்ததெல்லாம் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று இந்தத் தடவை நானே கத்தினேன். கிடைத்த வண்டி அப்பாவின் கடைக்கு அரிசி மூட்டை ஏற்றுகிற குட்டியானை. துறைமுகச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. அப்பா ஓட்டிக்கொண்டே தலையை வெளியே நீட்டி, "ஏலே, வழி விடுலே! பிள்ளத்தாச்சி வண்டியில இருக்காலே!" என்று தொண்டை கிழியக் கத்தினார். நான் வயிற்றில் கை வைத்து அசைவு தெரிகிறதா என்று தேடிக்கொண்டே போனேன். தெரியவில்லை. தெரு முழுக்கச் சிரிக்கட்டும், என் பிள்ளை ஒரு உதை உதைத்தால் போதும் என்று அழுதேன்.

டாக்டரம்மா பார்த்ததுமே கேட்டார். "எப்ப உடைஞ்சது?"

"மத்தியானம்."

"அப்பவே ஏன் வரல? இவ்வளவு நேரம் என்ன பண்ணிட்டிருந்தீங்க? விரல் எல்லாம் ஏன் கறுத்திருக்கு?"

சில்வர் நைட்ரேட் பட்ட தோல் வெளிச்சத்தில் கறுத்துப்போகும். நான் விரல்களை மடக்கி மறைத்தேன். என் கணவர் உண்மை விளம்பி. "டெஸ்ட் பண்ணிட்டிருந்தோம் டாக்டர்," என்று சொல்லி, நைட்டியில் வெட்டிய துண்டைப் பாலித்தீன் உறையிலிருந்து எடுத்து நீட்டினார். (எப்போது வெட்டினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.)

"நீ என்னம்மா படிச்சிருக்க?"

"எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி."

டாக்டரம்மா என்னையும் உறையையும் மாறி மாறிப் பார்த்தார். "அம்மா, சந்தேகம்னா வந்துரணும். என்ன தண்ணின்னு பாக்கத்தான் நாங்க இருக்கோம். சும்மா பத்துத் தடவை வந்துட்டுப் போ, நான் என்ன கதவையா சாத்தப்போறேன்? தண்ணி உடைஞ்சு நேரமானா பிள்ளைக்குக் கிருமி தொத்தும். பச்சையா வேற போயிருக்கு." பேசிக்கொண்டே ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்தார்.

பிள்ளையை எடுத்தார்கள். அழவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. பிறகு பூனைக்குட்டிபோல ஒரு சத்தம், அதன் பிறகு வார்டே அதிர ஓர் அழுகை. சில நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்து ஊசி போட்டுத் தேற்றிக் கொடுத்தார்கள். மகள். கருப்புப் புள்ளி விரல்களோடுதான் நாங்கள் இருவரும் அவளைத் தூக்கினோம்.

அவள் இப்போது ரெண்டாம் வகுப்பு. இந்தக் கதையை என் அப்பா அவளுக்குச் சோற்றோடு பிசைந்து ஊட்டியிருக்கிறார். போன மாதம் சாயர்புரத்திலிருந்து நிறைமாதமாக இருக்கும் என் தங்கை போன் செய்தாள். "அக்கா, நனைஞ்ச மாதிரி இருக்கு. எதுன்னே தெரியல. என்ன செய்ய?"

"நிறம் எப்படி இருக்குடி? வாடை..." என்று நான் ஆரம்பிப்பதற்குள் மகள் போனைப் பிடுங்கினாள்.

"சித்தி, அம்மாட்ட கேக்காதிய! ஆட்டோவக் கூப்பிடுங்க!"

தங்கை போனாள். அவளுக்கு வெறும் மூத்திரம்தான். சாயங்காலமே திரும்பி வந்துவிட்டாள். அவளைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள்.