மச்சினன் கோட்டில் பூத்த பூசணம்

ஒரு பொருளைப் பத்திரமாக வைப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான். அந்த நம்பிக்கையைத் தீர்த்துக்கட்டியது பூசணம்.

எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மாமனார் என்னை இன்னும் விருந்தாளியாகவே பார்த்தார். (சாதம் போடச் சொல்வார், அபிப்பிராயம் கேட்கமாட்டார்.) அப்போதுதான் மச்சினன் கார்த்திக்கின் கல்யாணம் நிச்சயமானது. மயிலாப்பூரில் அவர்கள் வீட்டில் பெயின்ட் வேலை நடந்ததால், புதிதாகத் தைத்த ரிசப்ஷன் கோட்டை மூன்று வாரம் பாதுகாக்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். இதில் ஜெயித்தால் நானும் அந்த வீட்டில் ஒரு மனுஷன்.

ஐப்பசி மழை. டெய்லர் கடையிலிருந்து அடையாறில் எங்கள் ஃப்ளாட்டுக்கு ஸ்கூட்டரில் வருவதற்குள் கோட்டில் லேசாகச் சாரல் பட்டுவிட்டது.

"ஒரு நாள் ஃபேனுக்குக் கீழ போட்டு வைங்க" என்றாள் மனைவி.

"காத்துலதான் தூசியே வரும். உனக்குத் தெரியாது" என்றேன். (தெரியாதவன் யார் என்பது பிறகு ஊருக்கே தெரிந்தது.)

மூன்று பிளாஸ்டிக் உறை, சுற்றிலும் டேப். எறும்பு மூச்சுவிட வழியில்லை. பீரோவில் வைத்துப் பூட்டினேன். பீரோ நின்றது குளியலறைச் சுவரை ஒட்டி. அந்தப் பக்கம் கீசர். சுவரைத் தொட்டால் வெதுவெதுப்பும் ஓதமும் சேர்ந்தே கையில் ஒட்டும். போதாததற்கு, மழையில் காயாத துணியெல்லாம் அதே அறைக் கொடியில்தான். ஈரமும் இளஞ்சூடும் இருந்தால் பூசணத்துக்கு வேறென்ன வேண்டும்? மூன்று வாரம் அதைச் செல்லமாக வளர்த்திருக்கிறேன்.

தி.நகர் மண்டபம். ரிசப்ஷனுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. மாமனார் முன்னிலையில் பெருமையாக டேப்பைப் பிரித்தேன். முதலில் வாடை வந்தது, அப்புறம் கோட்டு வந்தது. நீலத் துணியில் வெள்ளையும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக ஏதோ படர்ந்திருந்தது.

"மாமா, இது டிசைனா?" என்றான் கார்த்திக். பாவம், நிஜமாகவே கேட்டான்.

மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. கோட்டைத் தூக்கிக்கொண்டு தெருமுனை இஸ்திரி வண்டிக்கு ஓடினேன். இஸ்திரிக்காரர் முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார்.

"இன்னா சார், பூசணம் பூத்துக்கீது. ஈரத்தோட மூடி வெச்சியா? காத்து வேணாமா அதுக்கு? இத்த தேச்சா மண்டபமே நாறும்."

மனைவி சொன்னதையேதான் அவரும் சொன்னார். அவமானத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

திரும்பி வந்தவனை மனைவி மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க போட்டிருக்கிறதைக் கழட்டுங்க."

அது என் கல்யாணக் கோட்டு. கல்யாணமான நாளிலிருந்து ஹால் கதவுக்குப் பின்னால் ஆணியில் கேட்பாரற்றுத் தொங்கி, ஃபேன் காற்று வாங்கிக்கொண்டிருந்தது. அதில் ஒரு புள்ளி இல்லை.

கார்த்திக் ஒல்லி. நான் அப்படி இல்லை. அந்தக் கோட்டுக்குள் இன்னொரு கார்த்திக்கும் தாராளமாக நிற்கலாம். முதுகுப் பக்கம் ஊக்கு குத்தினோம், தெறித்தது. கடைசியில் மாமனார் வாய் திறந்தார்.

"மாப்ள, நீங்க பின்னாடி நின்னு இழுத்துப் பிடிச்சுக்கோங்க."

முதல் முறையாக என்னை நம்பி ஒரு வேலை சொல்கிறார். மூன்று மணி நேரம் விடாமல் பிடித்தேன்.

எல்லா ஃபோட்டோவிலும் மாப்பிள்ளை பெண்ணுக்குப் பின்னால் வெறும் சட்டையோடு, வியர்த்து வழிந்து, பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். இன்றைக்கும் ஆல்பத்தைப் புரட்டுகிற யாராவது, "பின்னாடி நிக்கறது யாரு?" என்று கேட்காமல் இருப்பதில்லை.

மாமனார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிதானமாகச் சொல்வார்:

"அதுவா? கோட்டோட வந்த ஹேங்கர்."