ஒன்பதாம் மாத முழங்கால்

முழங்காலில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இரண்டு ரகம். வீட்டோடு அடங்குகிறவர்கள் ஒன்று. மறுபடி ஆடியே தீருவேன் என்று நிற்கிறவர்கள் இன்னொன்று. இந்த இரண்டாவது ரகத்தைப் பற்றித்தான் உங்களிடம் கொஞ்சம் வம்பு பேச வேண்டும்.

ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம். யார் வீட்டுக்குப் போனாலும் உட்கார்ந்த இரண்டாவது நிமிஷம் பேன்ட்டை முட்டிக்கு மேலே சுருட்டித் தழும்பைக் காட்டுவார். யார் கேட்டார்கள்? வீட்டுக்காரர் மழையைப் பற்றிப் பேசினால், "என் முட்டி நேத்தே சொல்லிடுச்சு" என்பார். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது நமக்குப் பழமொழி. அவருக்கு அன்றாட வேலை.

எனக்குத் தெரிந்த ஒருவர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் ஹெட் கிளார்க். ஷட்டில் கோர்ட்டில் அவருக்கு 'ஸ்மாஷ்' என்று பெயர். வயது நாற்பத்தேழு, கேட்டால் நாற்பத்திரண்டு. ஒன்பது மாதம் முன்னால் எட்டாத பந்தை எட்டப் போய் முட்டிக்குள் லிகமென்ட் அறுந்தது. பந்து நெட்டில் விழுந்தது. அவர் சொல்லும் கதையில் மட்டும் அந்தப் பாயின்ட் இன்றுவரை அவருக்குத்தான்.

"ஏங்க, மாடியில துணி காயுது, எடுத்துட்டு வாங்களேன்" என்பாள் மனைவி.

"படி ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே."

அதே சாயங்காலம் ஷூ மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"சும்மா, ஆட்டம் பாக்கத்தான்."

"பாக்கறதுக்கு எதுக்கு பேட்டு? கண்ணு பத்தலையா?"

பாவம், மனுஷனுக்கும் ஒரு கவலை இருந்தது. பன்னிரண்டு வருஷமாக அவரோடு ஜோடி சேர்ந்து ஆடிய ஹார்டுவேர் கடைக்காரர் இப்போது ஒரு டெய்லரோடு ஆடிக்கொண்டிருந்தார். டெய்லர் இடது கைக்காரன், வாய் திறக்காதவன், அதைவிடக் கொடுமை, நன்றாக ஆடுகிறவன். பாயின்ட் எடுத்ததும் அவர்கள் இரண்டு பேரும் கை தட்டிக்கொள்வதைப் பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பது இருக்கிறதே, ஆபரேஷன்கூட அவ்வளவு வலிக்கவில்லையாம்.

கடைக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். "யோவ், வெள்ளிக்கிழமைக்குள்ள போட்டிக்குப் பேர் குடுக்கணும். பிசியோ ஓகேன்னு எழுதிக் குடுத்தா நீ. இல்லேன்னா டெய்லர்."

பிசியோ என்றால் காலுக்குப் பயிற்சி கொடுக்கிற சின்ன வயசுப் பெண்தான். குரலே வெளியே வராது. கத்தி வைத்த டாக்டரை விட இவளிடம்தான் எல்லோருக்கும் பயம். தரையில் அளவு டேப்பை ஒட்டி வைத்திருப்பாள். ஒற்றைக்காலில் தாவ வேண்டும், முதலில் நல்ல கால், அப்புறம் ஆபரேஷன் கால். நல்ல கால் தாவும் தூரத்தில் பத்தில் ஒன்பது பங்காவது மற்றது தாவினால்தான் கையெழுத்து. போன மாதம் நம்மாளுக்கு நல்ல கால் நூற்று இருபது சென்டிமீட்டர், மற்றது எழுபத்தைந்து.

இப்போதும் அந்தக் கால் எண்பதைத் தாண்டவில்லை. ராத்திரி முழுக்கத் தூங்காமல் யோசித்தார். எண்பதை நூற்றுப்பத்தாக்குவது கஷ்டம். நூற்று இருபதை எண்பத்தைந்தாக்க என்ன கஷ்டம்? தன் மூளையை நினைத்து அவருக்கே பெருமை தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை. பல்லைக் கடித்து, முகத்தைக் கோணி, உயிரையே கொடுப்பது போல நடித்து, நல்ல காலால் ஒரு சின்னக் குதி குதித்தார். எண்பத்தைந்து. அடுத்த கால், நிஜமாகவே உயிரைக் கொடுத்து, எண்பது.

அவள் குனிந்து அளந்தாள். எழுதினாள். பழைய தாளைப் புரட்டினாள்.

"கிட்டத்தட்ட சமம் சார்."

"அப்போ கையெழுத்து போடறியாம்மா?"

"அதுக்கு முன்னாடி ஒரு ஸ்கேன் எடுக்கணும். போன மாசம் நூத்தி இருபது தாவின கால் இப்ப எண்பத்தஞ்சுக்கு வந்துடுச்சே. இந்த முட்டியும் போச்சோ என்னமோ."

ஸ்மாஷ் நல்ல முட்டியைத் தட்டிக் காட்டினார். "ஐயோ, அதுக்கு ஒண்ணுமில்லம்மா! கல்லு மாதிரி இருக்கு!"

"அப்படியா? தாவிக் காட்டுங்க."

தாவினால் கையெழுத்து போச்சு. தாவாவிட்டால் இன்னொரு ஆபரேஷன் வந்து சேரும். கண்ணை மூடிக்கொண்டு தாவினார். நூற்று முப்பது! வாழ்நாள் சாதனை.

"பிரமாதம் சார்" என்றாள் பிசியோ. சிரிக்கவே இல்லை. "மத்த காலும் இந்த அளவுக்கு வரட்டும். இன்னும் மூணு மாசம்."

வெளியே வந்து கடைக்காரருக்குப் போன் போட்டார். "டெய்லர் பேரையே குடுத்துடு. எனக்கு இன்னும் மூணு மாசம் ஆகுமாம்."

"ஏன்யா, கால் சரியாகலையா?"

"நல்ல கால் ரொம்ப நல்லாயிருக்கு. அதான் சிக்கல்."

"மூணு மாசம் ஒழுங்கா எக்ஸர்சைஸ் பண்ணுய்யா. பாயின்ட் போனா இந்த டெய்லர் ஒரு வார்த்தை திட்ட மாட்டேங்கறான். எனக்கு ஆட்டமே ஓடல" என்றார் கடைக்காரர். அன்று நம்மாள் வீட்டுக்குப் போய், யாரும் சொல்லாமலே மாடி ஏறித் துணி எடுத்துவந்தார் என்று கேள்வி.

நீங்கள் சிரிக்கிறீர்கள். பந்தையே தொடாதவன் நான், எனக்கென்ன என்கிறீர்கள். இருக்கட்டும். நடுவில் எழுந்து, கதவுப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, ஒற்றைக்காலில் தாவிப் பார்த்தது யார்? இரண்டு காலும் ஒரே தூரம்தானா?

அப்படியானால், எந்தக் காலை அடக்கி வாசித்தீர்கள்?