பெண்ணை அழைக்கப் போன இடத்தில்

மன்னார்புரம் மச்சான் பிச்சமுத்து அவர்களுக்கு, மண்ணச்சநல்லூர் ரைஸ்மில் மருதை வணக்கத்தோடு எழுதுவது. இங்கே நானும் என் மகள் மணிமேகலையும், என் கணுக்காலில் குடியேறியிருக்கும் அட்டைகளும் நலம். அங்கே நீங்களும், உங்கள் தங்கை பவுனம்மாளும் நலமாக இருக்க சமயபுரத்தாள் துணை.

"ரெண்டே நாள், புள்ளையோட வந்து நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவனை இன்னும் காணோமே என்று தேடியிருப்பீர்கள். இங்கே போனுக்கு டவர் கிடையாது. நான் வந்து சேர்ந்த மறுநாளே மலைப்பாதையில் மண் சரிந்து பஸ்ஸும் நின்றுவிட்டது. அதனால்தான் கடிதம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வருகிற வெள்ளிக்கிழமை மணிமேகலையோடு உங்கள் வீட்டு வாசலில் நிற்பேன். ஸ்ரீரங்கத்து மாப்பிள்ளை ஹரிஹரசுதன் வீட்டார் தட்டோடு வருவதை நீங்கள் தள்ளிப்போட வேண்டியதில்லை.

தேசியப் பூங்காவில் சம்பளமில்லாத தன்னார்வலர் வேலைக்கு அவளை ஏன் அனுப்பினாய் என்று என்னைக் கேட்டீர்கள். பூங்கா என்றுதானே மச்சான் சொன்னாள். நான் சிமெண்டு பெஞ்சு, சறுக்குமரம், சாயங்காலமானால் விசில் ஊதிக் கதவைப் பூட்டுகிற வாட்ச்மேன், இவ்வளவையும் மனதில் வைத்துத்தான் சரி என்றேன். வந்து பார்த்தால் இது மழைக்காடு. மரத்தை அண்ணாந்து பார்த்தால் தோள் துண்டு விழுகிறது, உச்சி தெரிவதில்லை. வானத்தில் மழை நின்ற பிறகும் மரம் தன் கணக்குக்குப் பெய்துகொண்டே இருக்கிறது. பெண்ணின் முகாமுக்குப் போகிறோமே, நாலு பேர் மதிக்க வேண்டும் என்று சலவை வேட்டியில் வந்தேன். ஜீப்பை விட்டு இறங்கி முகாமுக்கு நடப்பதற்குள் வேட்டி செம்மண் நிறம். அதில் பாதி மண், மீதி என் ரத்தம். உங்கள் தங்கை சுட்டுக் கொடுத்த முறுக்கை, முகத்தைச் சுற்றிப் பிடரிமயிர் வைத்த ஒரு கருங்குரங்கு டப்பாவோடு வாங்கிக்கொண்டு போனது. பிடுங்கியது என்று எழுத மனம் வரவில்லை, நான்தான் பயத்தில் நீட்டிவிட்டேன்.

முகாமுக்குப் பொறுப்பான அதிகாரி ஷரபுன்னிசா என்ற பெண். நம்ம மணிமேகலையைவிடக் கொஞ்சம் மூத்தவர், குரலை உயர்த்தவே மாட்டார். பாதை சரிந்த செய்தி வந்ததும் என்னிடம் வந்து, "சுற்றிப் பார்க்க வந்தவங்க இங்க தங்க முடியாதுங்கய்யா. தன்னார்வலர்னா தங்கலாம். பேரு எழுதிக்கவா?" என்றார். வேறு வழியில்லாமல் தலையாட்டினேன். மறுநாள் காலையில் கையில் ஒரு களைக்கொத்தைக் கொடுத்துவிட்டார்கள். வெளியிலிருந்து வந்து காட்டை அமுக்குகிற உண்ணிச்செடியைப் பிடுங்க வேண்டும் என்று அவர் விளக்க ஆரம்பித்ததும், "வயல்ல பொறந்தவனுக்குக் களை எடுக்கச் சொல்லித் தரணுமாம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். மத்தியானத்துக்குள் ஒரு சரிவையே சுத்தமாக்கிவிட்டு நிமிர்ந்தேன். ஷரபுன்னிசா வந்து பார்த்தார். "ஐயா, இதெல்லாம் போன வருஷம் நாங்க நட்ட மரக்கன்னுங்க" என்றார். உண்ணிச்செடி பக்கத்துச் சரிவில் பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்தது. மணிமேகலை என்னைத் திட்டவில்லை மச்சான். கூடவே உட்கார்ந்து, வேர் அறாத கன்றுகளை ஒவ்வொன்றாகத் திரும்ப ஊன்றினாள். திட்டியிருந்தால் தேவலை.

அதற்குப் பிறகு எதையும் தொடத் தேவையில்லாத வேலையாகப் பார்த்து எனக்குக் கொடுத்தார்கள். பெரிய மரப்பொந்து ஒன்றில் இருவாச்சி என்ற பெரிய அலகுப் பறவை கூடு கட்டியிருக்கிறது. பெண்பறவை உள்ளே போய்ப் பொந்தின் வாயை அடைத்துக்கொள்ளும், அலகு நீட்டுகிற அளவுக்கு மட்டும் சந்து விடும். ஆண்பறவை அத்திப்பழம் கொண்டுவந்து அந்தச் சந்து வழியாக ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அது எப்போது வருகிறது, என்ன கொண்டுவருகிறது என்று மறைவிலிருந்து பார்த்துச் சொல்வது என் வேலை. உட்கார்ந்த இடத்தில் வேலை என்று ஒப்புக்கொண்டேன். முதல் நாள் தூங்கிவிட்டேன். இரண்டாம் நாள் அது இறங்கி வந்தபோது அதன் இறக்கைச் சத்தத்தைக் கேட்டு, நம்ம மில்லில் பெல்ட் அறுந்துவிட்டது என்று எழுந்து ஓடப் பார்த்தேன். மூன்றாம் நாளிலிருந்து தூக்கம் வரவில்லை. அது கொஞ்சம் தாமதித்தாலும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

முந்தாநாள் பேய்மழை. காலையிலிருந்து ஆண்பறவை வரவே இல்லை. பொந்துச் சந்தில் பெண்பறவையின் அலகு வெளியே வருவதும் உள்ளே போவதுமாக இருந்தது. உள்ளே குஞ்சும் இருக்கிறதாம். மணிமேகலை குடையோடு என்னைத் தேடி வந்தாள்.

"நாமளே ஏணி வச்சுப் பழம் குடுத்தா என்னம்மா?" என்று கேட்டேன்.

"கூடாதுப்பா. காத்திருக்கணும்."

ஒரே குடையில் காத்திருந்தோம். சும்மா இருக்க முடியாமல், "கல்யாணம் வேணாம்னு நீ ஏன் பிடிவாதம் புடிக்கிறே?" என்றேன்.

"நான் எப்பப்பா வேணாம்னேன்? மாமா வீட்டுக்கு அவங்க வந்திருந்தப்ப, கல்யாணத்துக்கு அப்புறம் காடு கீடுன்னு போகக்கூடாதுன்னு சொன்னாங்க. அதுக்குத்தான் முடியாதுன்னேன். மாமா உங்ககிட்ட சொல்லலையா?"

நீங்கள் சொல்லவில்லை மச்சான். நல்ல இடம் தட்டிப்போய்விடக்கூடாது என்றுதான் மறைத்திருப்பீர்கள், எனக்கு வருத்தமில்லை. "அந்தப் பையனே சொன்னானா?" என்று கேட்டேன். "அவர் ஒண்ணுமே பேசலப்பா. அவங்க பெரியப்பாதான் பேசினாரு" என்றாள். அந்த நேரத்தில் மழைக்குள்ளிருந்து பெல்ட் அறுந்த சத்தம் கேட்டது. இறக்கை முழுக்க நனைந்து, தள்ளாடிக்கொண்டு வந்து கிளையில் உட்கார்ந்தது. தொண்டையிலிருந்து பழத்தை ஒவ்வொன்றாக எடுத்து ஊட்டியது. மணிமேகலை என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் முகத்தில் வழிந்தது மழைத்தண்ணீர் என்றே அவளிடம் சொன்னேன்.

அதனாலெல்லாம் நம் ஏற்பாடு மாறவில்லை. தட்டு மாற்றிய பிறகு உட்கார்ந்து பேசினால் எல்லாம் சரியாகிவிடும். பாதையைச் சீர்செய்கிறார்கள். வெள்ளிக்கிழமை இருவரும் வருகிறோம். பெரியவர்களுக்கு என் வணக்கம், உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசி, மில்லில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
ஈரம் காயாத மச்சான்,
மருதை

பின்குறிப்பு: மேலே எழுதியதை வைத்து எந்த ஏற்பாடும் செய்துவிட வேண்டாம். இன்று காலை பஸ் வந்துவிட்டது. இந்தக் கடிதத்தை உங்கள் கையில் கொடுப்பவள் மணிமேகலைதான், தனியாக வருகிறாள். தட்டு வேண்டாம், பெரியப்பாவும் வேண்டாம். ஹரிஹரசுதனை மட்டும் வரச்சொல்லுங்கள், அவள் நேரில் கேட்க வேண்டியதைக் கேட்கட்டும். அவன் வாய் திறந்து என்ன சொன்னாலும் எனக்குச் சம்மதம். அவள் என்ன சொன்னாலும் அதைவிடச் சம்மதம். நான் குஞ்சு வெளியே வரும்வரை இருப்பதாக ஷரபுன்னிசாவிடம் சொல்லிவிட்டேன், இந்த முறை அவர் கேட்காமலே. பவுனம்மாளிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லவும். என்னை அழைத்துப் போக நீங்களே கிளம்பி வருவீர்கள் என்று தெரியும். வாருங்கள் மச்சான், இங்கே ஒரு ஆள் குறைகிறது.