ஸ்டேஷன் வைஃபையும் எலக்ட்ரீஷியன் அண்ணனும்

இதை என்னிடம் முதலில் சொன்னது என் அண்ணன்தான். போன மாதம், எனக்குக் கண் ஆபரேஷன் முடிந்து பார்க்க வந்த அன்று. சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தார்.

அண்ணன் எலக்ட்ரீஷியன். எரியாத பல்பு தன்னைப் பார்த்தாலே பயந்து எரியும் என்பார். மகள் தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டு வெளிநாடு போனதும் ஒரு சபதம் எடுத்தார். வீட்டில் யாரும் அவளோடு பேசக்கூடாது. வாய்விட்டுச் சொல்லவில்லை. வீட்டு வைஃபையின் பாஸ்வேர்டை மாற்றினார். அண்ணி கேட்டால், "லைன்ல கோளாறு. பார்த்துட்டிருக்கேன்" என்பார். ஒன்றரை வருஷம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அண்ணியும் ஒன்றரை வருஷமாக மாலையில் நடக்கப் போனார். சர்க்கரைக்கு நல்லதாம். ஒருநாள் அண்ணன் சத்தமில்லாமல் பின்னால் போனார். அண்ணி நேரே ரயில் நிலையத்துக்குப் போய், பெஞ்சில் உட்கார்ந்து போனை எடுத்தார். அங்கே வைஃபை இலவசம்; அண்ணி போனில் நெட் பேக் போட்டதில்லை.

"இதுதான் உன் வாக்கிங்கா?"

அண்ணி தலையை நிமிர்த்தவே இல்லை. "நல்லவேளை வந்தீங்க. கனெக்ட் ஆச்சுங்குது, நெட் இல்லைங்குது."

"யாரோட பேசறதுக்கு?"

"நம்ம பொண்ணுக்குக் குழந்தை பொறந்திருக்கு. நாலு மணிக்குக் காட்டறேன்னா. சரி விடுங்க, இது உங்களால ஆகாது. வீட்டு லைனையே ஒன்றரை வருஷமா பார்க்கறீங்க."

அந்தப் பேச்சில்தான் அண்ணன் விழுந்தார். போனைப் பிடுங்கினார். சிக்னல் கோடு முழுசாக இருந்தது. கோடு இருந்தால் கரண்ட் இருக்கிறது என்பது அவர் தொழில் புத்தி. போனை அணைத்துப் போட்டார். உள்ளங்கையில் தட்டினார். பெஞ்சின் மேல் ஏறித் தூக்கிப் பிடித்தார். நாலு மணிக்கு இன்னும் ஐந்து நிமிஷம்தான்.

பார்சல் கவுண்டர் அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார். "ஐயா, இறங்குங்க. சிக்னல் கூரையில காய்க்கலை. மொபைல் டேட்டாவை அணைங்க. எங்க வைஃபையை 'மறந்துவிடு'ன்னு அழுத்திட்டுத் திரும்பச் சேருங்க. ஒரு பக்கம் திறக்கும். அதுல நம்பர் போட்டாத்தான் உள்ள விடும்."

மறந்தார். சேர்ந்தார். பக்கம் திறந்தது. மகளோடு யாரும் பேசக்கூடாது என்றவர், தன் கையாலேயே அண்ணியின் நம்பரைப் போட்டு, வந்த ஓடிபியையும் போட்டார்.

போன் அடித்தது.

"பார்த்தியா, யாரால ஆகாது?" என்று சொல்லிக்கொண்டே பச்சைப் பொத்தானை அவரே தள்ளினார். திரையில் மகள். மடியில் ஒரு துணிச்சுருள் அசைந்தது. மகள் அப்பா முகத்தைப் பார்த்தாள். போனைக் கூரைப் பக்கம் திருப்பிவிட்டாள். குரல் மட்டும் வந்தது.

"அம்மா, லைன்ல ஏதோ கோளாறு தெரியுது. அது கொஞ்சம் தள்ளிப் போகட்டும், குழந்தையைக் காட்டறேன்."

அண்ணன் தூண் வரைக்கும் தள்ளிப் போனாராம். குழந்தை அழுத சத்தம் மட்டும் கேட்டதாம். இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

அவருக்காக நான் தினமும் கடவுளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். உங்கள் வீட்டுப் பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி, எல்லார் கண்ணுக்கும் படுகிற இடத்தில் ஒட்டிவையுங்கள்.