நானூறு மூட்டை கொள்ளும் களம்

வடுகபட்டியில் இருக்கும் மதிப்பிற்குரிய சம்பந்தி சுந்தரலிங்கம் அவர்களுக்கு, ஈஸ்வரபாண்டி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நான், வீட்டுக்காரி, மாடு இரண்டு, எல்லோரும் சௌக்கியம். தங்கள் சர்க்கரை, சம்பந்தியம்மாளின் முழங்கால் வலி, என் மகள் மாரீஸ்வரியின் கோபம் ஆகியவை மட்டுப்பட்டிருக்கும் என நம்புகிறேன்.

நிற்க. ஞாயிற்றுக்கிழமை பேத்தி ஓவியாவின் காதுகுத்துக்கு எங்களால் வர இயலாது. தாய்மாமன் மடியில்லாமல் காது குத்த முடியாது என்பது தெரியும். அந்தத் தாய்மாமன், அதாவது என் மகன் சுருளிராஜன், பைபாஸ் ரோட்டில் காயும் எங்கள் அறுபது மூட்டை நெல்லுக்குப் பக்கத்தில் நின்று, சிவப்புத் துண்டை ஆட்டி லாரிகளை ஒதுக்கிவிட்டுக்கொண்டிருக்கிறான். மேற்கே மேகம் திரண்டால் ஓடிப்போய்க் குவிக்க நான். போனில் சொன்னால் தாங்கள் கத்துவீர்கள், நானும் கத்துவேன் என்பதால் கடிதம்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரே ஒரு சொல். போன மாதம் எங்கள் நகராட்சியில் நோட்டீஸ் ஒட்டினார்கள்: 'பன்னிரண்டு கோடியில் புதிய களம், பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்.' இருபது வருடமாக நெல் காயப்போடக் களம் கேட்டு மனுக் கொடுக்கிற ஊர் இது, விவசாயிகள் நாற்பது பேர் வெள்ளை வேட்டி கட்டிக் கிளம்பிவிட்டோம். பன்னிரண்டு கோடி கொஞ்சம் அதிகம்தான், அரசாங்கமே மனசு வைக்கும்போது குறுக்கே பேசக் கூடாது என்று இருந்துவிட்டோம். மேடையில் என்ஜினியர். ஒரு பக்கம் பள்ளிக்கூடத்து பி.டி. டீச்சர் உமாதேவி, கபடிப் பிள்ளைகளோடு. எதிர்ப்பக்கம் வரி கட்டுவோர் சங்கத்தார், "குடிதண்ணியே நாலு நாளைக்கு ஒருக்கத்தான் வருது, இது ஒரு கேடா?" என்று. எனக்கு ஆத்திரம் வந்து மைக்கைப் பிடுங்கிவிட்டேன். "தளம் வழுவழுன்னு இருக்கணும். மாடு உள்ள வராம சுத்தி வேலி வேணும். பொம்பளையாளுக உக்கார நெழலு வேணும்" என்றேன். டீச்சர் கண்ணில் தண்ணீர். பிள்ளைகள் விசில். என்ஜினியர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, "எத்தன பேரு கொள்ளணும்ங்கய்யா?" என்று கேட்டார். "பேரு என்ன பேரு, நானூறு மூட்ட கொள்ளணும்" என்றேன்.

"மூட்டையா?" என்று அவர் கேட்பதற்குள் நான் திரும்பி, "கை தூக்குங்கப்பா" என்று சொல்ல, நாற்பது கை எழும்பி, தீர்மானம் நிறைவேறிவிட்டது. வரப்போவது விளையாட்டுக் களம் என்பது டீக்கடையில்தான் தெரிந்தது. முன்மொழிந்தவர் என்று என் பெயரைப் போட்டிருக்கிறார்கள். சங்கத்தார், "பெரிய மனுசன் எந்திரிச்சு ஊர்ப் பணத்த ஊதிவிட்டுட்டுப் போயிட்டாக" என்கிறார்கள். பக்கத்து வயல் நாகராஜ் என்னோடு பேசுவதே இல்லை, பேசினால் "அண்ணே, ஒங்க நெல்ல கேலரியில வரிசையா உக்கார வச்சுக் காயப்போடுங்க" என்பதோடு சரி. ரோட்டில் நிற்கவே வெட்கமாக இருக்கிறது சம்பந்தி.

ஆகவே, 'நான் கேட்டது நெல் களம், தூக்கிய கையை இறக்கிக்கொள்கிறேன்' என்று ஆட்சேபனை மனு எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். தாங்கள் தேனிக்குப் போகும்போது கலெக்டர் ஆபீசில் கொடுத்து ரசீது வாங்கவும். காதுகுத்துக்கு வேறு தேதி பார்க்கவும். பேத்திக்கு எங்கள் ஆசீர்வாதம். குத்தும்வரை அந்தக் காதுகளை மாரீஸ்வரி திருகாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி
ஈஸ்வரபாண்டி

பின்குறிப்பு (ஒட்டிவிட்ட கவரின் முதுகில், பொடி எழுத்தில்): மனுவைக் கொடுக்க வேண்டாம். நேற்று தூறல் விழுந்ததும் உமாதேவி டீச்சர் ரோட்டுக்கே வந்துவிட்டார். "அன்னைக்கு எங்களுக்காக எந்திரிச்சது நீங்க ஒருத்தர்தான். மூட்டைக்குத்தான் கேட்டீகன்னு தெரியும், அதனால என்ன?" என்று சொல்லி, தலைமையாசிரியரிடம் கேட்டு, பூஜை விடுமுறை முடியும்வரை பள்ளிக்கூடத்து பிரேயர் தளத்தைத் திறந்துவிட்டார். இன்று நல்ல வெயில். கபடிப் பிள்ளைகள் பத்துப் பேர் காலாலேயே நெல்லைக் கிளறிவிடுகிறார்கள், ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை, கபடி கபடி என்று மூச்சு விடாமல். சனிக்கிழமையே வந்துவிடுகிறோம், தாய்மாமன் மடியோடு. தீர்மானத்தில் என் பெயர் அப்படியே இருக்கட்டும்.